இருதலைக் கொள்ளியின் நடுவே

விடுதலைப் போர் என்றதும் நம் மனக்கண்முன் இரண்டே அணிகள்தாம் தோன்றுகின்றன. அடக்கியாளும் அந்நியர் ஒருபுறம்; அவரை எதிர்த்து ஒரே குரலில் எழுந்து நிற்கும் மக்கள் மறுபுறம். 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரையும் நாம் பள்ளியில் அவ்வாறே கற்றோம். பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை, ஜார்ஜ் வாஷிங்டன், 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் ஆகியவற்றோடு பாடம் முடிந்துவிடும். அப்பதின்மூன்று குடியேற்றங்களில் வாழ்ந்த வெள்ளையருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இங்கிலாந்து அரசரின் பக்கமே நின்றனர் என்பதையோ, இன்னும் பெருந்தொகையினர் எப்பக்கமும் சேராமல் தம் வயலையும் மக்களையும் காத்துக்கொண்டால் போதும் என்றிருந்தனர் என்பதையோ அப்பாடம் சொல்வதில்லை.

அரசரை விடாதவர்கள் பதவிக்கும் பணத்திற்கும் விலைபோனவர்களே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அத்தகையோரும் இருந்தனர். ஆனால் பெஞ்சமின் பிராங்க்ளினின் இல்லத்தை எட்டிப் பார்ப்போர் அவ்வாறு துணிந்து தீர்ப்புக் கூறமாட்டார்கள். இடிதாங்கியைக் கண்டுபிடித்த அப்பேரறிஞர் 1752-இல் இடிமேகத்தினூடே பட்டம் விட்டபோது, உடனிருந்து உதவியவர் மகன் வில்லியம். தந்தையின் செல்வாக்கினாலேயே நியூ ஜெர்சியின் ஆளுநரானார். அரசர் பெயரால் பதவியேற்று உறுதிமொழி எடுத்தவர் அவர். தந்தை விடுதலை அணியின் தூண்களுள் ஒருவரானபோதும், மகன் தம் உறுதிமொழியைக் கைவிட மறுத்தார். 1776 ஜூன் மாதம் கைதானார். மறு ஆண்டு அவர் மனைவி எலிசபெத் நியூயார்க்கில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, ஒருமுறை சென்று பார்த்துவர அனுமதி கேட்டார். காங்கிரஸ் மறுத்துவிட்டது. அந்த அம்மையார் கணவர் முகம் காணாமலே கண்மூடினார்.

வில்லியமை நாம் புனிதராக்க முயலவில்லை. சிறையினின்று வெளிவந்தபின் அவர் அமைத்த அணி, பிடிபட்ட எதிரி ஒருவரை விசாரணையின்றித் தூக்கிலிட்டது. எனினும் போர் ஓய்ந்து 1784-இல் அவர் சமாதானம் வேண்டித் தந்தைக்குக் கடிதம் எழுதினார் என்பதை மறத்தலாகாது. முதுமையில் தம் ஒரே மகனால் கைவிடப்பட்டதைவிடப் பெரிய வேதனை தமக்கு நேர்ந்ததில்லை என்று தந்தை பதில் எழுதினார். மறு ஆண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் இருவரும் கடைசியாகச் சந்தித்தனர். பேச்சில் பெரும்பகுதி சொத்துக் கணக்காகவே இருந்தது. உலகெங்கும் சமரசம் பேசிப் புகழ்பெற்ற ஒரு மனிதருக்குத் தம் மகனோடு சமரசம் பேச முடியவில்லை. 1790-இல் இறந்த தந்தையின் உயில் வில்லியமுக்கு விட்டுச் சென்றது, நோவா ஸ்கோஷியாவில் உள்ள நில உரிமையும், ஏற்கெனவே அவர் கையிலிருந்த நூல்களும் தாள்களுமே.

அந்த நோவா ஸ்கோஷியா, இன்றைய கனடாவின் கிழக்குக் கரை. தோற்ற பக்கத்தார் வீடு வாசல் இழந்து போய்ச் சேர்ந்த இடமும் அதுவே. போர் முடிந்தபோது சுமார் 60,000 பேர் நாட்டை விட்டகன்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வடக்கே சென்றனர். அரசர் படையிடம் தஞ்சம் புகுந்தால் விடுதலை என்ற வாக்கை நம்பித் தப்பி வந்த கறுப்பின அடிமைகள் சுமார் 3,000 பேரும் அக்கப்பல்களில் ஏறினர். ‘விடுதலை’ எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவர்களிடம் கேட்டிருந்தால், நம் பாடநூல் கூறாத விடையைத்தான் கூறியிருப்பார்கள்.

கனடாவின் கியூபெக் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் நிலை வேறு. 1774-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவர்களது வழிபாட்டு உரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ், இங்கிலாந்து மக்களுக்கு எழுதிய மடலில் அச்சட்டத்தையும் கத்தோலிக்க சமயத்தையும் கடுமையாகத் தாக்கியது. அம்மாதமே கியூபெக் மக்களுக்கு மற்றொரு மடல் எழுதித் தம்மோடு சேருமாறு அன்புடன் அழைத்தது! 1776-இல் பிராங்க்ளினுடன் அருட்தந்தை ஜான் கரோல் மான்ட்ரியலுக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஆயரானவர் இவரே. அவரது பயணம் பலிக்கவில்லை. கியூபெக் ஆயர் பிரியாண்டு அரசருக்கு விசுவாசமாயிருக்கும்படி பணித்து, கலகத்தில் சேர்வோருக்குத் திருவருட்சாதனங்களை மறுத்தார். ஒரே திருச்சபை, இரு நேர்மையான மேய்ப்பர்கள், எதிரெதிர்ப் பக்கங்கள். மக்களோ பெரும்பாலும் இருவர் சொல்லையும் முழுதாகக் கேட்கவில்லை. ஆயர் சொற்படி அரசர் படையில் சேரவும் மனமின்றி, அமெரிக்கரின் காகிதப் பணத்தை நம்பவும் மனமின்றி, உழவைக் கவனித்தனர். குடியானவனின் இந்த ஞானத்தை நாம் குறைவாக மதிப்பிட விரும்பவில்லை.

ஆனால் ஒதுங்கி நிற்பதும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. ஆணையிடுதலையும் ஆயுதம் ஏந்துதலையும் பாவமெனக் கருதிய குவேக்கர் சபையினர் பிலடெல்பியாவில் நாட்டுப்பற்று உறுதிமொழி எடுக்க மறுத்தனர். 1777-இல் அவர்களுள் சிலர் விசாரணையின்றி வர்ஜீனியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்; இருவர் அங்கேயே இறந்தனர். நம் பங்குகளில் ஒரு சிறு தேர்தல் வந்தாலும், எப்பக்கமும் சேராதவரை இரு பக்கத்தாரும் ஐயத்தோடு நோக்குவதைக் காண்கிறோம் அல்லவா? துப்பாக்கி ஏந்திய நாளில் கேட்கவா வேண்டும்!

ஒஹாயோ பகுதியில் டெலவேர் இனத்துப் பழங்குடி மக்கள் சிலர் மொரேவிய சபைப் போதகர்களால் கிறிஸ்தவராகி, க்னாடன்ஹூட்டன் முதலிய சிற்றூர்களில் வாழ்ந்தனர். போரில் எப்பக்கமும் சேர்வதில்லை என்பது அவர்களது உறுதி. பிரிட்டிஷாரோ, அவர்களுடைய போதகர்கள் அமெரிக்கருக்குச் செய்தி அனுப்புவதாக ஐயுற்றனர். 1781-இல் பிரிட்டிஷாரைச் சார்ந்த பழங்குடி வீரர்கள் அவ்வூர் மக்களை வலிந்து வடக்கே கொண்டுபோயினர். குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் வாட்டியது. அறுவடையாகாமல் விட்டுவந்த சோளத்தை எடுத்துவர, 1782 தொடக்கத்தில் ஒரு கூட்டம் குழந்தைகளுடன் ஊருக்குத் திரும்பியது. அப்போது பென்சில்வேனியாவிலிருந்து வந்த அமெரிக்கக் குடிப்படையினர், எல்லையில் நடந்த கொலைகளுக்கு இவர்களே உடந்தை என்று குற்றஞ்சாட்டினர். என்ன செய்வது என்று தம்முள் வாக்கெடுத்தனர். உயிரோடு விடலாம் என்று முன்வந்து நின்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு.

மறுநாள் சாவு என்று அறிந்த அம்மக்கள் இரவெல்லாம் செபித்தும் பாடியும் கழித்தனர். மார்ச் 8-ஆம் நாள் 96 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். இரு சிறுவர்கள் மட்டும் தப்பினர். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. படையை நடத்திய டேவிட் வில்லியம்சன் பின்னர் தம் மாவட்டத்தில் ஷெரீப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்கள் வாழ்ந்த ஊரும் எரிக்கப்பட்டது.