ஊர்ப்பெயர் சொல்லும் கத்திகள்

மத்தியதரைக் கடல் மூன்று கண்டங்களின் கரைகளைத் தழுவிக் கிடக்கிறது. வணிகரும் மாலுமியரும் போர்வீரரும் நூற்றாண்டுகளாக அக்கடலைக் கடந்து சென்றனர். அவர்தம் இடைக்கச்சையில் கத்திகளும் குறுவாள்களும் உடன் சென்றன. ஒரு கரையில் வடித்த கத்தி மறுகரையில் விலைபோயிற்று. தந்தையின் கையிலிருந்து மகனுக்குச் சென்றது. இறுதியில் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையை அடைந்தது. அதனருகே வைக்கும் பெயர்ச்சீட்டில் எந்த ஊரை எழுதுவது?

விடை பெரும்பாலும் கத்தியிலேயே இருக்கிறது. முதலில் நோக்கத்தக்கது பிடி. கிரீட் தீவுக் கத்தியின் பிடி, முடிவில் கவைபோல் இரண்டாகப் பிரியும். 'மந்தினாதா' எனப்படும் ஈரடிப் பாடலை அதன் அலகில் பொறிப்பது அத்தீவின் மரபு. மொராக்கோவின் 'கும்மியா' குறுவாளோ, மயில் தோகை விரித்தாற்போன்ற பிடிமுனை உடையது. அதன் வளைந்த உறையின் மேற்பகுதியில் இரு வளையங்கள் உண்டு. அவற்றில் கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொள்வர்.

பிடி செய்த பொருளும் ஊரைக் காட்டும். சார்தீனியத் தீவு ஆட்டிடையர் மிகுந்த நிலம். அங்குள்ள பத்தாடா என்னும் ஊரின் மடக்குக்கத்திக்கு ஆட்டுக்கடாவின் கொம்பே பிடியாயிற்று. அலகு அந்நிலத்துச் செடியொன்றின் இலைவடிவில் அமைந்தது. செவியும் சில வேளைகளில் துணைசெய்யும். ஸ்பெயின் நாட்டு அல்பசேத்தே நகரில் புகழ்பெற்ற 'நவாஹா' என்னும் மடக்குக்கத்தியின் பழைய வகைகள் பலவற்றைத் திறக்கும்போது 'கடகட' என்னும் ஒலி எழும்.

ஆயினும், எழுத்தை மட்டும் நம்பிவிடல் ஆகாது. கோர்சிகத் தீவின் குடும்பப் பகையை நினைவூட்டும் சொற்கள் பொறித்த கத்திகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள தியேர் நகரில் செய்யப்பட்டு, சுற்றுலாப் பயணியருக்கு விற்கப்பட்டவை. பொறித்த பெயர் ஒன்று. பிறந்த ஊர் வேறொன்று. அவ்வாறே ஐரோப்பாவில் வடித்த அலகுக்கு மொராக்கோவில் பிடியும் உறையும் அமைத்தலும் உண்டு. எனவே அலகு, பிடி, உறை, ஒப்பனை ஆகிய நான்கையும் சேர்த்தே முடிவு காணல் வேண்டும்.

ஓர் ஊர்ப்பெயருக்காக இத்துணை உழைப்பு எதற்கு? அல்ஜீரியாவின் கபிலிய மலைகளில் 'இஃப்லிசன்' என்னும் குலத்தார் வாழ்ந்தனர். குறுகிய நேரிய அலகும், ஊசிபோன்ற முனையும், பித்தளை பதித்த கோலங்களும், விலங்கின் தலைபோன்ற பிடியும் கொண்ட 'ஃப்ளிசா', அக்குலத்தின் பெயராலேயே வழங்குகிறது. 1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அம்மலைகளைக் கைப்பற்றியது. மலைமக்களின் படைக்கலங்கள் வென்றவர்களின் நினைவுப்பொருள்களாகக் கடல் கடந்தன. அத்தகைய கலம் ஒன்றின் சீட்டில் 'அரேபிய வாள்' என்றோ 'துருக்கிய வாள்' என்றோ எழுதினால், தனிமொழியும் தனிமரபும் உடைய ஒரு மக்களின் பெயர் அங்கே மறைந்துபோகிறது.

பழங்கத்திகளை வடித்த கொல்லருள் மிகப் பலர் தம் பெயரை எழுதி வைத்தாரில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது ஊர்ப்பெயர் ஒன்றே. அதைத் தேடிக் கண்டு சரியாக எழுதுதல், அக்கைகளுக்குப் பின்வந்தோர் செலுத்த வேண்டிய கடனாகும்.