முற்றத்துக்கு வந்த பள்ளி

மும்பை சர்ச்கேட்டிலிருந்து குஜராத் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் டஹாணு ரோடு நிலையம் இருக்கிறது. 2013 முதல் மும்பையின் மின்சார ரயில்களே அதுவரை போய் வருகின்றன. அடுத்த நிலையம் கோல்வட். அதையொட்டிய கடற்கரைக் கிராமம் போர்டி. சவுக்குத் தோப்பும் நீண்ட மணற்கரையும் கொண்ட அமைதியான ஊர். சாலையின் இருபுறமும் சப்போட்டாத் தோட்டங்கள். அங்கே அதனைச் சிக்கூ என்கிறார்கள். கோல்வட் சிக்கூவுக்கு 2016இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விடுமுறை நாட்களில் மும்பைவாசிகள் கடல் பார்க்க வந்து, ஒரு கூடை பழத்துடன் திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்க விரும்பியது கடலை அன்று. நம் தெருக்களில் தொங்கும் ஒரு பெயர்ப்பலகையின் பிறந்தகத்தை.

‘அங்கன்வாடி’ என்னும் சொல்லை அறியாத குடும்பம் தமிழகத்தில் இராது. ஆயினும் அதன் பொருள் என்னவென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அங்கண் என்றால் மராத்தியில் முற்றம். முற்றத்தில் நடைபெறும் மழலையர் பள்ளி என்பதே அதன் பொருள். முற்றம் வைத்து வீடு கட்டி, அந்த முற்றத்திலேயே பிள்ளைகளை வளர்த்த காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

இச்சொல்லின் வரலாறு 1945இல் தொடங்குகிறது. தாராபாய் மோடக் என்னும் அம்மையார் அவ்வாண்டில் போர்டிக்கு வந்தார். 1892இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 53. பலர் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கிய பாலமந்திரில் அவருடன் பணியாற்றி, மாண்டிசோரி முறையை இந்திய மண்ணுக்கேற்ப மாற்றியவர் அவர். (மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி நடத்தினார் என்பது நம்மவருக்குப் பெருமை.) ஆனால் மாண்டிசோரி சாதனங்கள் விலை மிகுந்தவை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிட்டும் கல்வி கல்விதானா என்ற கேள்வியே தாராபாயை நகரத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டு வந்தது.

போர்டியில் பள்ளியைத் திறந்தாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. வேறு யாராயினும், ‘அழைத்தோம், வரவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டு இருந்திருப்பார்கள். தாராபாயோ பள்ளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடியிருப்பின் முற்றத்துக்கே போய்விட்டார். அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான்.

போர்டியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கோஸ்பாட் குன்று. 1950களில் பணி இங்கே இடம் மாறியது. தாராபாயின் வலக்கரமாய் நின்றவர் அனுதாய் வாக். 1910இல் பிறந்து, பாலிய வயதிலேயே மணமாகி, சில மாதங்களிலேயே விதவையானவர். ஒடுங்கிக் கிடந்திருக்க வேண்டிய அந்த வாழ்க்கை, இக்குன்றின் மீது ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குத் தாயாக மலர்ந்தது.

குன்றைச் சுற்றி வாழ்வோர் வார்லிப் பழங்குடியினர். செம்மண் சுவரில் அரிசிமாவால் அவர்கள் தீட்டும் ஓவியங்கள் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. அன்றோ அவர்களிற் பலர் நிலக்கிழார்களிடம் கொத்தடிமைகள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வேலை உண்டு. ஆடுமாடு மேய்க்க வேண்டும். இல்லையேல் தம்பி தங்கையை இடுப்பில் சுமக்க வேண்டும். இப்பிள்ளைகளுக்கு எந்த மணி அடித்து என்ன பயன்?

இங்கேதான் இவ்விரு பெண்மணிகளின் அறிவு என்னை வியக்க வைக்கிறது. தம்பியைச் சுமக்கும் அக்காளுக்காகக் குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். அதற்கு ‘விகாஸ்வாடி’ என்று பெயர். மாடு மேய்ப்பவனுக்காக ஆசிரியர் மேய்ச்சல் வெளிக்கே போனார். அதனைக் குரண் ஷாலா, அதாவது புல்வெளிப் பள்ளி என்றார்கள். மாடு ஒருபுறம் மேயும். மர நிழலில் பாட்டும் கதையும் எண்ணிக்கையும் நடக்கும். கூழாங்கல், சிப்பி, விதை, இலை, களிமண் இவையே பாடக் கருவிகள். பெரியதும் சிறியதுமாய் இலைகளை வரிசைப்படுத்துகிற பிள்ளை, அளவு என்பதைக் கையால் கற்றுக்கொள்கிறது. களிமண்ணைப் பிசைந்த விரல்களுக்குப் பின்னாளில் எழுதுகோல் பிடிப்பது கடினமாயிராது. விளையாட்டு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதற்குள் இவ்வளவு இருக்கிறது.

குன்றின் மேல் நின்று பார்த்தால் மேற்கே தோட்டங்களின் பசுமை, அதற்கப்பால் கடல். சருகுகள் காலடியில் நொறுங்குகின்றன. பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், நம் ஊர் வேப்பமரத்தடியிலும் பஞ்சமில்லை. நாம்தான் சிமெண்டு பூசி மூடிவிட்டோம்.

தாராபாய் 1962இல் பத்மபூஷண் பெற்றார், 1973இல் மறைந்தார். ஈராண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அரசு அங்கன்வாடி என்னும் பெயரையே எடுத்துக்கொண்டது. இன்று நாட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்கள் உள்ளன. சத்துணவும் தடுப்பூசியும் அவற்றால் ஏழைக் குடிசைகளை எட்டின. அது சிறிய காரியமன்று. ஆனால் பதிவேடுகளை நிரப்பவே பொழுது போதாத பணியாளர், சிப்பியையும் இலையையும் எப்போது எடுப்பார்? பெயர் வந்தது; பெயருக்குள் இருந்த விளையாட்டு முழுமையாக வந்து சேரவில்லை என்பதே என் எண்ணம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழிக் கல்வி என்று எழுதியிருக்கிறது. அனுதாய் 1992இல் மறையும்வரை இதைத்தான் இக்குன்றின் மீது செய்துகொண்டிருந்தார்.

டஹாணு நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சகோதரியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகனுக்கு இந்த ஆனியில் மூன்று வயது நிறைந்திருக்கிறது. பார்த்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. அங்கே இங்கிலீஷ் எப்ப ஆரம்பிப்பாங்க?”

முதலில் பிள்ளையின் பேச்சைப் பள்ளி கற்றுக்கொள்ள வேண்டும், பிறகுதான் பள்ளியின் பேச்சைப் பிள்ளை கற்கும் என்றேன். வார்லிப் பேச்சு மராத்தியிலிருந்தே வேறுபட்டது என்பதையும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. எல்.கே.ஜி. படிவம் வாங்கி வைத்திருப்பதாகவும், கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றும், அதற்குள் ஊர் வந்துவிடுவீர்களா என்றும் கேட்டாள். வியாழன் இரவே வந்துவிடுவேன் என்றேன்.