பொன்முடி மலையில் ஒரு சைக்கிள் தடம்



பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் பட்டணத்தில் வந்து குடியேறிய நம்முடைய ஜனங்களில் பெரும்பாலோர் பொன்முடிக்கு ஒரு முறையாகிலும் போயிருப்பார்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஒரு நாள் சங்குமுகம் கடற்கரை, ஒரு நாள் பொன்முடி என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத ஒழுங்கு. சபை வாலிபர்களோடு நானும் பலமுறை வேனில் போயிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவோம், மூடுபனியில் நின்று தேநீர் குடிப்போம், ஒரு பாடல், ஒரு ஜெபம், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். அந்த மலையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

அதற்கு நாலு மாதத்திற்கு முன்பு நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகள் பொன்முடியில் நடைபெற்றன. அப்போட்டி இந்தியாவில் நடந்தது அதுவே முதன்முறை. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதில் இருந்தபடியால் சீனா, ஜப்பான் முதலான தேசங்களிலிருந்து வீரர்களும் வீராங்கனைகளும் வந்திருந்தார்கள். எங்கள் சபையில் ஒரு வாலிபத் தம்பி உண்டு. சைக்கிள் கடை ஒன்றில் வேலை செய்கிறவர். பழைய மலை சைக்கிள் ஒன்றை மாதத் தவணையில் வாங்கி, தன் கையாலேயே சீர்படுத்தி வைத்திருக்கிறார். போட்டியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. "ஐயா, அந்த ஒரு நாள் மாத்திரம் காலை ஆராதனைக்கு வராமல் பொன்முடிக்குப் போய்வரட்டுமா?" என்று அனுமதி கேட்டார்.

நான் கூடாது என்றேன். சரீர முயற்சியைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை எடுத்துச் சொல்லி, சற்றுக் கடினமாகவே பேசிவிட்டேன். தம்பி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஞாயிறு காலையில் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அன்றைக்கு நான் பிரசங்கித்த பகுதி எது தெரியுமா? ஒன்று கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரத்தின் பந்தயச்சாலை! கொரிந்து பட்டணத்தின் அருகே இரண்டு வருடத்திற்கு ஒரு முறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்ததையும், வென்றவனுக்கு வாடிப்போகும் இலைக் கிரீடம் சூட்டப்பட்டதையும் உற்சாகமாக விவரித்தேன். அப்போஸ்தலனுக்கு ஓட்டப்பந்தயம் நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததைப் பார்க்கப் போகாதே என்று ஒரு பிள்ளையைத் தடுத்துவிட்டு, அதையே பிரசங்கமாக்கினேன். தம்பி தலையைக் குனிந்தபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பிப்ரவரியில் அவருடைய தாயார், விதவையான சகோதரி, ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். "பாஸ்டர் ஐயா, மகன் உங்களைப் பொன்முடிக்குக் கூப்பிடுகிறான். கேட்கப் பயந்துகொண்டு என்னை அனுப்பியிருக்கிறான். நானும் வருகிறேன். நான் பிறந்த இடம் அது" என்றார்கள். அவர்கள் மலையில் பிறந்தவர்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. பதினோரு வருடமாக அவர்களுக்கு நான் மேய்ப்பன்!

ஒரு சனிக்கிழமை அதிகாலையில் சகோதரியும் நானும் தம்பானூரில் பஸ் ஏறினோம். தம்பி நாலு மணிக்கே சைக்கிளில் புறப்பட்டுவிட்டார். பட்டணத்திலிருந்து பொன்முடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நெடுமங்காடு கடந்து விதுரை வரைக்கும் ரப்பர் தோட்டங்களும் சிறு கடைவீதிகளும் மேடுபள்ளமான சாலையும்தான். கல்லாற்றில் உருண்டை உருண்டையான பாறைகளுக்கிடையே தண்ணீர் ஓடுகிறது. அதைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1100 மீட்டர் உயரம். எட்டாம் வளைவுக்கு அருகே எங்கள் பஸ் தம்பியைத் தாண்டிச் சென்றது. இருக்கையில் உட்காராமல், எழும்பி நின்று, ஒவ்வொரு மிதியாக மிதித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. சகோதரி ஜன்னல் வழியே கை அசைத்தார்கள், அவர் பார்க்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களின் பெயர்களை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? போட்டித் தடம் அமைக்கப்பட்ட இடம் மெர்ச்சிஸ்டன் எஸ்டேட். மெர்ச்சிஸ்டன் என்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் உள்ள ஒரு பகுதி. அடுத்த மலைச்சரிவில் இருக்கிறது போனக்காடு. மூலப்பெயர் போன் அக்கார்டு, அதுவோ அபர்தீன் நகரத்தின் விருதுவாக்கு. தங்கள் ஊர் நினைவில் துரைமார் வைத்த பெயர்கள் இவை. முதலில் காப்பி பயிரிட்டார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலைநோய் வந்து காப்பி அழியவே தேயிலைக்கு மாறினார்கள். காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தவர்களில் அநேகர் நாஞ்சில் நாட்டையும் திருநெல்வேலிச் சீமையையும் சேர்ந்த நம் ஜனங்களே. அந்த மலைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினோம். தடத்தைப் பாதி புல் மூடியிருந்தது. ஒரு முழ அகலமே உள்ள ஒற்றையடிப் பாதை தேயிலைச் செடிகளுக்கிடையே சரிந்து, பாறைமேல் ஏறி, ஓடையைத் தாண்டி வளைகிறது. தம்பி எனக்கு ஆசிரியரானார். சாதாரண சைக்கிளைவிட டயர் அகலம், அதில் பெரிய பெரிய பற்கள். காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் கல்லிலும் சேற்றிலும் பிடிமானம் கிடைக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு உண்டு. இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். "இன்னொன்று ஐயா, பயப்படுகிற கல்லைப் பார்க்கக் கூடாது. எதைப் பார்க்கிறோமோ அதன்மேலேயே சைக்கிள் போய் மோதும். போக வேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும்." பேதுரு அலைகளைப் பார்த்து அமிழ்ந்துபோனது நினைவுக்கு வந்தது. பிரசங்கியின் புத்தி எங்கே போகும்!

இந்த விளையாட்டு பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பயஸ் என்ற மலையில். (பெயரைக் கேட்டுத் தமிழ் என்று எண்ணிவிடாதிருங்கள்.) வாலிபர்கள் தடித்த டயர் உள்ள பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய்ப் பாய்ந்து இறங்கினார்கள். பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்துபோகும். ஒவ்வொரு இறக்கத்திற்குப் பின்னும் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. 1996-இல் அட்லாண்டாவில் அது ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது. இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் முதல் ஈஸ்ட்போர்ன் வரை அலையலையான பசும்புல் குன்றுகளின்மேல் 160 கிலோமீட்டர் பாதை ஒன்று செல்கிறது. அங்கே குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி கொடுத்தது; கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. சைக்கிளில் வருகிறவன், நடந்து வருகிறவனுக்கும் குதிரையில் வருகிறவனுக்கும் வழிவிட வேண்டும்.

இதைத் தம்பி சொன்னபோது சகோதரி சிரித்தார்கள். "எங்கள் பாட்டி வேறு சட்டம் சொல்வார்கள், ஐயா. துரையின் குதிரை வந்தால், தலையில் கூடையோடு பாதையை விட்டு இறங்கிச் செடிக்குள் நிற்க வேண்டும். அட்டை காலில் ஏறினாலும் அசையக் கூடாது. என் காலத்தில் குதிரை இல்லை, ஜீப்." பிறகு சரிவில் ஓர் இடத்தைக் காண்பித்தார்கள். "இது நாங்கள் கொழுந்து நிறுக்கப் போன வழி. இந்தப் பாறையில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்குவோம்."

அந்தப் பாறையில் டயர் உராய்ந்த கறுப்புக் கோடுகள் இருந்தன.

கீழே லயத்து வீடுகள் தெரிந்தன. சிலவற்றில் கூரை இல்லை. அவற்றில் ஒன்றில்தான் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி ஏழு குடும்பங்கள் கூடி ஜெபித்தார்கள் என்றும், அங்கேதான் தன் தகப்பனார் இரட்சிக்கப்பட்டார் என்றும் சகோதரி சொன்னார்கள். ஞாயிறும் கொழுந்து எடுக்க வேண்டிய பருவத்தில் ஆராதனை இரவு எட்டு மணிக்கு மேல்தான் நடக்குமாம். "அப்போது எங்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை" என்றார்கள், வேறு பக்கம் பார்த்தபடி. மென்மையாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதிய அந்த வசனத்தில் சரீர முயற்சிக்கு வருகிற கிரேக்கச் சொல் 'கும்னாசியா'. அற்பமாகிலும் பிரயோஜனம் உண்டென்றுதான் பவுல் எழுதினார், இல்லையென்று எழுதவில்லை. வேதாகமக் கல்லூரியிலே இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அக்டோபரில் அந்தத் தம்பியை நிறுத்தியது வசனமல்ல, என் வழக்கம். ஞாயிறு ஆராதனை முக்கியமென்பதில் இன்றும் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் சனிக்கிழமைப் போட்டிக்கு அவரோடு நானே வந்திருக்கலாம். மாலைக் கூட்டத்தில் வந்து சேரச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இந்த வழிகளை நான் யோசிக்கவேயில்லை. பாறையின்மேல் உட்கார்ந்தபடி தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தில் சைக்கிள் சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இறங்கும்போது பஸ் அவரைப் பிடிக்கவே இல்லை. கல்லாற்றுப் பாலத்தின் அருகே, முழங்காலெல்லாம் சேறாக, மூன்று தேநீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"ஐயா, ஞாயிறு பள்ளியில் பெரிய பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அருவிக்கரை வரைக்கும் கூட்டிப்போகட்டுமா? அது சமமான சாலைதான். நாலு பேரிடம் சைக்கிள் இருக்கிறது."

தலைக்கவசம் ஒன்று என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். ஆறுக்கு எவ்வளவு ஆகும் என்று சகோதரி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். "ஏழு" என்றேன்.