நிறுத்தும் உரிமை

காரில் வெளியூர் போவதென்றால் முதல்நாள் இரவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். வண்டி எங்கே நிற்கும் என்பது ஓட்டும் ஆணின் முடிவு.

புவனகிரியிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு நாள், நானும் கணவரும். இம்முறை ஸ்டியரிங் என் கையில். வேண்டுமளவு தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்கு நிறுத்தினேன், தேவிபட்டினத்தில் சும்மா கடல் பார்க்கவும் நிறுத்தினேன்.

பாம்பன் பாலம் கடந்து, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்தருகே சிப்பிமாலை விற்ற அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். "கிளம்பலாமா?" என்றார் கணவர். இத்தனை வருடங்களில் அது உத்தரவாகத்தான் வந்திருக்கிறது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

அரிச்சல்முனையில் பார்க்கிங் பையன் என்னைத் தாண்டிக் குனிந்து அவரிடம் பணம் கேட்டான். நான் கொடுத்தேன்.

பெண்கள் பயணம் போவதைக் கொண்டாடுகிறோம். நினைத்த இடத்தில் நிற்பதையும் பேசுவோம்.