வெண்பனியும் கருங்கல்லும்

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை, சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனவரி மாதத் தொடக்கத்தில், பனி மூடிய தன் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தாள். வெள்ளவத்தையில் எம்முடன் வாழும் அன்னையார் அதனை நெடுநேரம் உற்று நோக்கினார். "பிள்ளையின்ரை முகம் இருண்டு வாடிப்போச்சே! அங்கை ஒழுங்காய்ச் சாப்பிடுறேல்லையோ?" என்று கலங்கினார். எவ்வளவு தேற்றியும் அவர் மனம் ஆறவில்லை. படத்தில் தங்கையின் முகம் மட்டுமன்றிப் பனியுங்கூடச் சாம்பல் நிறமாகவே இருந்ததை அன்று நானும் கவனிக்கவில்லை.

இலங்கையில் பனிமழை பொழிவதில்லை. ஆயினும், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், முகிலும் காற்றுமற்ற சில இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிரும். விடியலில் புல்நுனிதோறும் உறைபனி படிந்திருக்கும். மகள் வாழும் ஊரின் குளிரை ஒருமுறையேனும் காண விரும்பிய அன்னையாருடன், அம்மாதமே கோட்டையிலிருந்து புகையிரதமேறி நானுஓயாவில் இறங்கி நுவரெலியா சேர்ந்தோம்.

மறுநாட் காலை, ஊர்ப்புறத்துப் புல்வெளியொன்று உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கம்பளி போர்த்து நின்ற அன்னையாரைப் படமெடுத்தேன். என்ன விந்தை! வெண்புல் சாம்பலாயிற்று, அன்னையாரின் முகமும் இருண்டது. தங்கையின் படத்துக்கு நேர்ந்தது இதுவே என அப்போதுதான் தெளிந்தேன்.

கமராவுக்கு வெண்மை இன்னதென்று தெரியாது. எதிரேயுள்ள காட்சி எதுவாயினும், தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமே அது எனக் கொண்டு கணக்கிடும். புதுப்பனியோ 80 சதவீதத்துக்கும் மேலாகத் திருப்பவல்லது. ஒளி மிகுந்துவிட்டதென மயங்கி, வேண்டிய ஒளியையும் கமரா குறைத்துவிடுகிறது.

ஆகவே அக்கணக்கை நாமே திருத்தல் வேண்டும். கூட்டல், கழித்தல் குறிகளுள்ள ஒளித்திருத்தியை +1 இல் வைத்தால் ஒளி இருமடங்காகும். +2 இல் நான்கு மடங்காகும். பனிக்காட்சிக்குப் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு போதும். மிகக் கூட்டினால் பனியின் நுண்மணிகள் மறைந்து வெற்றுத்தாள் போலாகிவிடும். கைத்தொலைபேசிகள் பலவற்றில், திரையில் முகத்தைத் தொட்டு, அங்கே தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதுமானது.

வெயில் ஏற ஏறப் பனி கரைந்துகொண்டிருந்தது. விரைந்து +1 வைத்து மீண்டும் எடுத்தேன். புல் வெளுத்தது, அன்னையாரின் முகமும் தெளிந்தது. இரு படங்களையும் மாறிமாறிப் பார்த்தவர், "அப்ப பிள்ளைக்கு ஒண்டுமில்லைத் தம்பி, கமராதான் பிழை" என்று பெருமூச்செறிந்தார்.

கொழும்பு மீண்டதும், கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் அருச்சனை செய்விக்க விரும்பினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கோயில் அது. வெளியே நின்று நிழற்பக்கத்துக் கருங்கற்சுவரைப் படமெடுத்தபோது, கல் வெளிறித் தோன்றிற்று. பனியை இருளாக்கிய அதே மயக்கம் இங்கே கருமையை வெளுப்பாக்கிற்று. ஒளியை −1 ஆகக் குறைத்தேன். கல் தன் நிறம் பெற்றது.

இச்சிறு நுட்பத்தைத் தங்கைக்கும் எழுதினேன். அடுத்த பனிப்பொழிவில் அவள் எடுத்த படம் வந்தது. பனி பனியாகவே இருந்தது. அன்னையார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இப்பதான் இது என்ரை பிள்ளை" என்றார்.