வைட் ஆங்கிளும் உப்பிப்போன கன்னமும்

கல்யாண வீட்டு குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்கிறவங்களை என்னிக்காவது உத்துப் பார்த்திருக்கீங்களா மக்களே? நடுவுல நிக்கிற மாப்பிள்ளையும் பொண்ணும் அளவா அழகா இருப்பாங்க. ஓரத்துக்குப் போகப் போக ஆளுங்க அகலமாகிக்கிட்டே போவாங்க. கடைசியில நிக்கிற சித்தப்பாவுக்குத் தலை பூசணிக்காய் மாதிரி ஒரு பக்கமா இழுத்திருக்கும். "கல்யாணச் சாப்பாடு நல்லா வேலை செஞ்சிருக்கு"ன்னு கிண்டல் பண்ணிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவோம். சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. லென்ஸ் பண்ற வேலை அது.

மண்டபத்துல இடம் பத்தாது. முப்பது பேரையும் ஒரே படத்துல அடக்கணும். போட்டோக்காரர் என்ன பண்ணுவார் பாவம், ஜூமை 18 எம்.எம்.முக்குத் திருகி, அடக்கிட்டுப் போயிட்டே இருப்பார். இதுவரைக்கும் தப்பில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல "லென்ஸ் கரெக்‌ஷன்" டிக் பண்ணினா எல்லாம் சரியாயிடும்னு நாம நம்புறோம் பாருங்க, பிரச்சினை அங்கதான்.

வைட் ஆங்கிள் கோணல்னு பொதுவா சொல்றோமே, அது உண்மையில ஒண்ணு இல்லை, மூணு. மூணுக்கும் மருந்து வேற வேற.

முதலாவது பேரல் டிஸ்டார்ஷன். தமிழ்ல பீப்பாய்க் கோணல்னு வச்சுக்கலாம். நேரா இருக்கிற தூண் படத்துல வெளிப்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். கேமராவோட கூடவே குடுக்கிற 18-55 லென்ஸ்ல 18 பக்கம் இது நல்லாவே தெரியும். 55 பக்கம் போனா லேசா உள்பக்கமா வளையுறதும் உண்டு. இது லென்ஸோட குறை, அதனால கணக்குப் போட்டு நிமித்திடலாம். லைட்ரூம்ல ப்ரொஃபைல் கரெக்‌ஷன்னு ஒரு டிக். காசு குடுக்க மனசில்லாத என்னை மாதிரி ஆளுங்களுக்கு டார்க்டேபிள் இருக்கு, அது லென்ஸ்ஃபன்ங்கிற இலவசத் தகவல் களஞ்சியத்தைப் பார்த்து அதே வேலையைச் செய்யும். கிம்ப்ல ஃபில்டர்ஸ் மெனுவுல லென்ஸ் டிஸ்டார்ஷன்னு இருக்கும், அங்க கண்ணளவுல நாமளே ஸ்லைடரைத் தள்ளணும். சில லென்ஸுக்கு நடுவுல ஒரு மாதிரியும் ஓரத்துல வேற மாதிரியும் வளைஞ்சு, கோடு மீசை மாதிரி வரும். அதுக்கு ஒத்தை ஸ்லைடர் உதவாது, ப்ரொஃபைல்தான் வேணும். முக்கியமா ஒண்ணு, படத்தை வெட்டுறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிடணும். இந்தக் கணக்கெல்லாம் படத்தோட நடுப்புள்ளியை வச்சுப் போடுறது. வெட்டிட்டா நடுப்புள்ளி இடம் மாறிடும்.

ரெண்டாவது, கேமராவை அண்ணாந்து பிடிக்கிறதால வர்றது. கட்டடம் பின்னாடி சாயுற மாதிரி தெரியும். லைட்ரூம் 5, 2013ல வந்தப்போ அப்ரைட்னு ஒரு பொத்தான் குடுத்தாங்க, அமுக்கினா கட்டடம் நிமிர்ந்துடும். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு சரி. நம்ம ஊர் கோபுரத்துல அதை அமுக்கிப் பாருங்க, அப்ப இருக்கு கூத்து. கோபுரம் இயல்பாவே மேல போகப் போக குறுகுறது. மதுரை தெற்குக் கோபுரம் அதோட விளிம்பே அழகா ஒரு வளைவா ஏறும். சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால கோபுரப் படத்துக்கு நான் ஆட்டோ பக்கமே போறதில்லை. கீழ கல்லுல கட்டின பகுதியில வாசல் நிலை இருக்கும் பாருங்க, அது மட்டும்தான் அங்க நிஜமாவே செங்குத்து. அந்த ரெண்டு நிலையிலயும் கோடு போட்டு நிமித்துவேன். அதையும் முழுசா நிமித்த மாட்டேன், கொஞ்சம் சாய்வை விட்டுடுவேன். அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அது கொஞ்சம் சாஞ்சுதானே தெரியணும்?

மூணாவதுதான் சித்தப்பாவோட பூசணிக்காய்த் தலை. இது லென்ஸோட குறையே இல்லைங்கிறதுதான் வேடிக்கை. உலகத்துலயே சுத்தமான, ஒரு வளைவும் இல்லாத லென்ஸ் போட்டாலும் இது வரும். உருண்டையா சுத்தி இருக்கிற உலகத்தைத் தட்டையான சென்சார்ல விழ வைக்கும்போது, நேர்கோடு நேர்கோடாவே இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா, ஓரத்துல இருக்கிற உருண்டையெல்லாம் நீள்வட்டமாகித்தான் ஆகணும். சுவத்துல தட்டையா ஒட்டின போஸ்டருக்கு ஒண்ணும் ஆகாது, ஓரத்துலயும் ஒழுங்காவே விழும். தலை உருண்டை. அதுதான் மாட்டிக்குது.

கணக்கு ரொம்ப எளிசு. நடுவுல இருந்து எத்தனை டிகிரி தள்ளி நிக்கிறாரோ, அந்தக் கோணத்தோட கொசைனால ஒண்ணை வகுத்துக்கோங்க. 30 டிகிரின்னா 1.15. அதாவது ஆள் 15 சதவீதம் அகலம். முழு ஃப்ரேம் கேமராவுல 24 எம்.எம். லென்ஸ் போட்டா சரியா ஓரத்துல 1.25 வரும். பள்ளிக்கூடத்துல படிச்ச 3-4-5 முக்கோணம்தான், போட்டுப் பாருங்க.

இப்ப விபரீதத்தைப் பாருங்க. பீப்பாய்க் கோணல் ஓரத்துல இருக்கிறதை உள்பக்கமா கொஞ்சம் அமுக்கி வைக்கும். அதாவது லென்ஸோட குறை, பாவம், சித்தப்பா தலையைக் கொஞ்சம் காப்பாத்திக்கிட்டு இருந்தது. நீங்க டிக் பண்ணி அதை சரி பண்ணினதும் தூண் நிமிர்ந்துடும், சித்தப்பா இன்னும் குண்டாயிடுவார்!

இவ்வளவு கதை இப்ப எதுக்குன்னா, போன மாசி மாசம் பாளையங்கோட்டையில எங்க அத்தை தவறிட்டாங்க. அப்பாவோட அக்கா. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேணும். வீடு முழுக்கத் தேடியும் அத்தை தனியா நிக்கிற படம் ஒண்ணு கூட இல்லை. ஆதார் அட்டைப் படம் இருந்தது, அதைப் பத்தி சொல்லவே வேணாம், உங்க அட்டையை எடுத்துப் பாருங்க புரியும். மிச்சம் எல்லாப் படத்துலயும் அத்தை ஓரம்தான். "நீங்கள்லாம் நில்லுங்க, நான் இப்படி நின்னுக்கிடுதேன்" — இதான் அத்தை. பாதிப் படத்துல பாதி முகம்.

முழு முகமும் தெளிவா, லேசா சிரிச்சுக்கிட்டு இருக்கிற படம் ஒண்ணே ஒண்ணு கிடைச்சது. 2016ல அத்தை மகளோட கல்யாண குரூப் போட்டோ, இடது கடைசி. உள்ளூர் ஸ்டுடியோவுல குடுத்து முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்கி வாங்கி வந்தார் அத்தான். கூடவே கேக்காமலே முகத்தை நல்லா வெளுப்பாக்கியும் குடுத்திருந்தாங்க. மாமா அதை ஒரு நிமிஷம் பார்த்தார். "இது யாரு?"ன்னு கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டார். அப்பாவும் வாங்கிப் பார்த்துட்டு, "அக்காவுக்குக் கன்னம் இப்படி உப்பலா இருக்காதுடா. ஒட்டின கன்னம்லா அவளுக்கு"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி அத்தான் போன் பண்ணினார். "மாப்ளே, நீதான் எப்பப் பாத்தாலும் கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையுத. அம்மாவை அம்மா மாதிரி ஆக்கித் தர முடியுமாடே?"

வாட்ஸப்ல வந்த படத்துல ஒண்ணும் செய்ய முடியாது. சின்னதாக்கி, என்ன லென்ஸ், எத்தனை எம்.எம்.ங்கிற தகவலையெல்லாம் உதிர்த்துட்டுத்தான் அனுப்பும். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் குடுத்த டி.வி.டி. அத்தான் வீட்டுப் பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருந்தது. அதைப் படிக்க ஒரு டிரைவ் தேடினது தனிக்கதை, விடுங்க. ஒரிஜினல் ஃபைல் கிடைச்சது. 18 எம்.எம்., 1.5 க்ராப் கேமரா, 6000 பிக்சல் அகலம். மண்டபத் தூண் வளைஞ்சு இருந்ததால கேமரா தானா எதையும் நிமித்தலைன்னு தெரிஞ்சது. இதைப் பார்த்துக்கிறது நல்லது, ஏன்னா இப்ப வர்ற மிரர்லெஸ்ஸும் போனும் பெரும்பாலும் உள்ளேயே நிமித்தித்தான் ஜேபெக் குடுக்குது. அது மேல நாம இன்னொரு தரம் டிக் பண்ணினா எதிர்ப்பக்கமா வளைஞ்சுடும்.

அத்தை நடுவுல இருந்து கிட்டத்தட்ட 30 டிகிரி தள்ளி நிக்கிறாங்க. எவ்வளவு சரி பண்ணணும்? இங்கதான் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அத்தை முகம் என் மனசுல இருக்கு, ஆனா மனசுல இருக்கிறதை நம்பி ஸ்லைடரைத் தள்ளினா நானும் அந்த ஸ்டுடியோக்காரர் மாதிரிதான். அவர் வெளுப்பாக்கினார், நான் ஒல்லியாக்குவேன், அவ்வளவுதான் வித்தியாசம். மாமா நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு இருக்கப் போற படம். என் விருப்பத்துக்கு முகம் செதுக்க எனக்கு என்ன உரிமை?

அப்பதான் பொட்டு கண்ணுல பட்டது. அத்தை ஸ்டிக்கர் பொட்டு வைக்க மாட்டாங்க. குங்குமம்தான், மோதிர விரலால நல்லா வட்டமா, பெருசா. கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பி நின்னதால அந்த வட்டமும் இழுபட்டிருந்தது. பெருசு பண்ணி எண்ணினேன். உயரம் 17 பிக்சல், அகலம் 20. 20ஐ 30 டிகிரி கொசைனால, அதாவது 0.866ஆல பெருக்கினா 17.3. கணக்கும் குங்குமமும் ஒண்ணையே சொல்லிச்சு. இனிமே என் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

(ரோம்ல ரஃபேல் வரைஞ்ச "ஏதென்ஸ் பள்ளி" சுவரோவியத்துல, வலது ஓரத்துல ரெண்டு பேர் கையில உருண்டை வச்சுக்கிட்டு நிப்பாங்க. பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி அந்த உருண்டைகளை நீள்வட்டமாத்தான் வரைஞ்சிருக்கணும். கட்டடத்தையெல்லாம் விதிப்படி வரைஞ்ச மனுஷன், உருண்டையை மட்டும் வட்டமாவே வரைஞ்சுட்டார். 1511லேயே முடிஞ்ச விஷயம் இது. கூகுள்காரங்க 2019ல ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க: பின்னணியை நேர்கோடா விட்டுட்டு, முகங்களை மட்டும் தனியா உருண்டைக் கணக்குல சரி பண்ணி ஒட்டுற வழி. ரஃபேல் பண்ணினதும் அதேதான்!)

சரி, செஞ்சது என்னன்னா: டார்க்டேபிள்ல லென்ஸ் கரெக்‌ஷன் போட்டு, ஸ்கேலையும் மாத்தாம, வெட்டாமலும் முழுப்படத்தை வெளிய எடுத்தேன். அப்புறம் ஹக்கின். பனோரமா ஒட்டுறதுக்குன்னு வந்த இலவச சாஃப்ட்வேர்தான், ஆனா ஒத்தைப் படத்தையும் குடுக்கலாம். 18 எம்.எம்., 1.5 க்ராப்னு அதுக்குத் தெரிஞ்சா போதும், முன்னோட்ட ஜன்னல்ல படத்தைப் பிடிச்சு இழுக்கலாம். அத்தை நடுவுல வர்ற வரைக்கும் இழுத்தேன். ப்ரொஜெக்‌ஷன் ரெக்டிலீனியர்லயே இருக்கட்டும். இப்படி இழுக்கிறதுக்கு அர்த்தம், அன்னிக்கு அதே இடத்துல நின்னுக்கிட்டு, போட்டோக்காரர் கேமராவை அத்தை பக்கம் திருப்பி எடுத்திருந்தா எப்படி விழுந்திருக்குமோ அப்படியே வரும். இது குத்துமதிப்பு இல்லை, கணக்குப்படி அச்சு அசல் அதே படம். ஒளி லென்ஸுக்குள்ள வந்த இடம் ஒண்ணுதானே.

அத்தை நடுவுக்கு வந்ததும் மாப்பிள்ளை பொண்ணு ஓரத்துக்குப் போயிட்டாங்க. வலது கோடியில நின்ன எங்க பெரியப்பா 60 டிகிரியைத் தாண்டி, பனியாரம் தோசையான மாதிரி விரிஞ்சுட்டார். :-) அதைப் பார்த்து நானும் தங்கச்சியும் சிரிச்சதுல அம்மா எழுந்து வந்து திட்டிட்டுப் போனாங்க. துக்க வீட்டுல சிரிக்கலாமான்னு. சிரிச்சுத்தான் ஆகணும் போல இருந்தது.

எல்லாரையும் ஒரே படத்துல வச்சுக்கிட்டு சரி பண்ணணும்னா இந்த வழி ஆகாது. அதே ஹக்கின்ல ஸ்டீரியோகிராஃபிக்னோ பானினின்னோ ப்ரொஜெக்‌ஷனை மாத்திப் பார்க்கலாம். முன்னதுல முகமெல்லாம் ஒழுங்காகும், தூண் வளையும். பின்னதுல தூண் நேரா நிக்கும், ஓரத்து ஆளுங்களும் ஓரளவு மெலிவாங்க, ஆனா குறுக்கே போற படிக்கட்டு, சமுக்காளக் கோடெல்லாம் வளையும். எதையாவது ஒண்ணை விட்டுக் குடுத்தே ஆகணும், ரெண்டும் கேட்டா கிடைக்காது. காசு இருக்கிறவங்க டிஎக்ஸ்ஓ வ்யூபாயிண்ட் பார்க்கலாம், அதுல இந்தக் கோணலுக்குன்னே தனி ஸ்லைடர் உண்டு. பக்கத்துல போய் எடுத்ததால மூக்கு பெருசான படத்துக்கு இது எதுவுமே கேக்காது, அது தூரத்தோட பிரச்சினை. ரெண்டு எட்டு பின்னாடி போய் எடுத்திருக்கணும், அவ்வளவுதான்.

பொட்டை மறுபடி எண்ணினேன். 17க்கு 17. வெட்டினேன். வெளுப்பாக்கலை, கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பைத் தொடலை. மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சேன். தலை மொத்தமே 250 பிக்சல் உயரம்தான், ஸ்டுடியோவுல போட்ட மாதிரி பெரிய சைஸ் தாங்காது. 6க்கு 8 போதும்னு அத்தான்கிட்ட சொன்னேன். "சின்னதா இருக்கேடா"ன்னு இழுத்தார், அப்புறம் சரின்னுட்டார்.

பிரிண்ட் எடுத்துட்டு நேரா மாமாகிட்டதான் போனேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் கன்னத்தைத்தான் பார்ப்பார்னு நினைச்சேன். அவர் கழுத்தைப் பார்த்தார்.

"அடகு வச்ச செயினை இந்தக் கல்யாணத்துக்குத்தான் மருமவனே திருப்பினோம். போட்டுக்கிட்டு ஓரத்துல போயி நின்னுருக்கா பாரு."

படத்தை மடியில வச்சுக்கிட்டே காப்பி கேட்டார். பதினாறு நாள்ல அவரா வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவைன்னு அத்தான் அப்புறமா சொன்னார்.

பி.கு: இப்ப சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா பழைய குரூப் போட்டோவை வாட்ஸப்ல அனுப்பி "எங்கம்மாவையும் இப்படி நடுவுல கொண்டு வா"ன்னு கேக்குறாங்க. ஒரிஜினல் ஃபைல் இருந்தா அனுப்புங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். வீட்டுல கல்யாண டி.வி.டி. கிடந்தா, படிக்க முடியுதான்னு இந்த வாரமே ஒரு தரம் போட்டுப் பார்த்துடுங்க மக்களே.