அத்திமரத்திற்கு ஓர் ஆண்டு

மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு, மண்ணுலகில் சேர்த்துவைக்கும் செல்வத்திற்கு நேரும் கேடுகளுள் ஒன்றாகத் துருவைக் குறிப்பிடுகிறார். மத்தேயு அங்கே கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘தின்னுதல்’ என்பது. கடலோரப் பங்குகளில் வாழ்ந்தவர்களுக்கு இச்சொல்லின் பொருத்தம் உடனே விளங்கும். மேலே பூசிய வண்ணம் அப்படியே இருக்க, உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கும். தின்றது போக என்ன மிச்சம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலை எல்லார் வாழ்விலும் ஒருநாள் வருகிறது. எனக்கு அது ஒரு பழைய காரின் உருவில் வந்தது.

எங்கள் பங்கில் நெடுங்காலம் மருத்துவராக இருந்து மறைந்த பெரியவர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில், ஓலைக் கொட்டகையில், அவர் 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. நள்ளிரவில் எத்தனையோ நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் நகரத்து மருத்துவமனைக்குச் சுமந்துசென்ற வண்டி அது. எவ்வளவு செலவானாலும் அப்பாவின் கார் மறுபடி ஓட வேண்டும் என்றார் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மூத்த மகன். காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் இடமாவது மிஞ்சும் என்றார், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே திணறிக்கொண்டிருந்த இளையவர். பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எண்பதைக் கடந்த தாயார் என்னிடம் வந்து, “சாமி, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றார். என் தந்தை மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தவர் என்பது அவருக்குத் தெரியும்.

ஹெரால்டு ஒருவகையில் நம் ஊர்க் கார். இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதன் அழகிய உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை இங்கே தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்துவிடும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. பெரும்பாலான கார்களில் உடலே எலும்புக்கூடாகவும் இருக்கும். ஹெரால்டிலோ சேசிஸ் தனி. உடல் அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். ஆகவே, எது வெறும் தோல், எது பாரம் தாங்கும் எலும்பு என்பதை இந்தக் காரில் பிரித்துப் பார்க்க முடியும்.

ஹெரால்டில் கைதேர்ந்த முதியவர் ஒருவரை அழைத்துச் சென்றேன். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கையில் டார்ச் விளக்கும் ஒரு திருப்புளியுமாகக் கோணிச்சாக்கை விரித்துக் காரின் அடியில் படுத்துவிட்டார். “பெயிண்டைப் பார்க்காதீங்க சாமி, எலும்பைப் பார்ப்போம்” என்றார். திருப்புளி சில இடங்களில் ‘டங்’ என்று ஒலித்தது. சில இடங்களில் ஓசையின்றி உள்ளே இறங்கியது. நடுவில் ஓடும் இரண்டு முதன்மைச் சட்டங்கள், தெரிந்தவரையில் உறுதியாக இருந்தன. பக்கவாட்டில் நீளும் கைகள் மாவாகியிருந்தன. பின்புறத்தை உடலைக் கழற்றாமல் பார்க்க முடியாது என்றார். உத்தேசச் செலவு மூன்றரை லட்சம்; மேலேயும் போகலாம். தயாரிப்பு நின்று பல்லாண்டுகள் ஆனதால், பல உதிரிப்பாகங்கள் இன்னொரு ஹெரால்டிலிருந்துதான் வர வேண்டும்.

அன்றிரவு லூக்கா நற்செய்தியின் இரண்டு உவமைகள் என் நினைவில் மோதிக்கொண்டன. பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம் ஊராரின் நகைப்புக்கு உள்ளாகும். பாதி கழற்றிய நிலையில் பட்டறை மூலையில் கிடக்கும் கார்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொட்டகையில் விட்டிருந்தாலாவது அவை முழு உருவில் இருந்திருக்கும். அளவு பாராத ஆசை அவற்றைத் துண்டுகளாக்கிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில் அதே லூக்கா, மூன்று ஆண்டுகள் காய்க்காத அத்திமரத்தைக் காட்டுகிறார். உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார்.

தோட்டக்காரரின் வேண்டுதலை நாம் பலமுறை வெறும் இரக்கமாகவே வாசித்துவிடுகிறோம். கூர்ந்து நோக்கினால் அதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது தவணை: என்றென்றைக்கும் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது உழைப்பு: கொத்தி எருப்போடுவது தம் பொறுப்பு என்கிறார். மூன்றாவது இசைவு: அதன்பின்னும் காய்க்காவிடில் வெட்டிவிடலாம் என ஒப்புக்கொள்கிறார். தவணையும் உழைப்பும் இசைவும் இல்லாத இரக்கம், பொருளை இன்னும் சிலகாலம் துருவுக்கு விட்டுவைப்பதே ஆகும். கோபுரம் கட்டுபவரின் கணக்கும் தோட்டக்காரரின் பரிவும் இங்கே ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது அப்போது தெளிந்தது.

மறுநாள் அக்குடும்பத்தாரிடம் இதையே சொன்னேன். கையிருப்பாக ஒரு லட்சம் ரூபாய். அதை மூத்தவர் முன்கூட்டியே தாயாரிடம் தந்துவிட வேண்டும். ஞாயிறு திருப்பலி முடிந்து இளையவர் பாயோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா வரை தவணை. அதற்குள் கார் தன் நிலையைச் சொல்லிவிடும். அது சொல்வதை இருவரும் ஏற்க வேண்டும். தயக்கத்தோடு இசைந்தார்கள்.

இருபது ஆண்டுகள் உறங்கிய எஞ்சினை அவசரப்பட்டுச் சுற்றக்கூடாது. துருப்பிடித்த பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைவழியே எண்ணெய் விட்டு, பல நாள் ஊறவைத்து, கையால் மெல்ல அசைத்துப் பார்த்தார்கள். விடுமுறைக்கு வந்த மூத்தவரும் ஒரு ஞாயிறன்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பியின் பக்கத்தில் குனிந்தார். ஒன்பதாம் வாரம் எஞ்சின் அசைந்தது. புதுப் பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து முடுக்கியபோது அது உறுமிய ஓசை கேட்டுத் தாயார் அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றார். எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் உடலைக் கழற்றித் தூக்கினார்கள். டிஃபரன்ஷியல் அமரும் இடத்தில், பின் ஸ்பிரிங்கின் பாரம் முழுவதும் விழும் பகுதியில், சேசிஸ் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. புதிதாக ஒரு சட்டம் செய்து பற்றவைக்கலாம் என்று பாய் சொன்னார். ஆனால் அதை நம்பி ஆளை ஏற்றமாட்டேன் என்றும் சொன்னார். சட்டமும் ஒன்றைச் சொல்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மைய அரசு விதிகள் வகுத்தது; பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ அதைச் சாலையில் ஓட்டவும் கூடாது. பெருஞ்செலவு செய்து சரிசெய்தாலும் அது காட்சிப் பொருளாகவே நிற்கும்.

மூத்தவர் தலைகுனிந்து நின்றார். தாயார்தாம் முதலில் பேசினார்: “அவர் ஒருநாளும் இந்த வண்டியைச் சும்மா ஓட்டினதில்லை சாமி. யாருக்காவது உதவியாகத்தான் ஓட்டினார். அவர் கண்ணைத் தானம் கொடுத்தோமே, அதுபோல இதையும் கொடுத்துவிடுவோம்.” வேறொரு நகரத்தில், உறுதியான சேசிஸ் இருந்தும் பானெட்டும் கியர்பாக்ஸும் கிடைக்காமல் ஒரு ஹெரால்டு காத்திருப்பதாகப் பாய் முன்பே சொல்லியிருந்தார். எஞ்சின் உள்பட எல்லாம் விலையின்றி அங்கே போயின. சகோதரர் இருவருமே லாரியில் ஏற்றினார்கள். பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பழுதான எதையும் சீர்ப்படுத்த எண்ணுகிறவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். பாரம் தாங்கும் பகுதி மிஞ்சியிருக்கிறதா? செலவையும் உழைப்பையும் யார், எதுவரை ஏற்பார்? சீரானபின் அது யாருக்குப் பயன்படும்? ‘வேண்டாம்’ என்ற விடையும் அன்பிலிருந்து பிறக்கலாம் என்பதை அந்தத் தாயார் எனக்குக் காட்டினார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு பொருள்களுக்கே உரியது. மதுவில் வீழ்ந்த மகனையோ, முறிந்த மணவாழ்வையோ, விசுவாசம் தளர்ந்த நண்பரையோ திருப்புளியால் குத்திப் பார்த்துக் காயலான் கடைக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. கோடரி நம் கையில் தரப்படவில்லை, மண்வெட்டியே தரப்பட்டிருக்கிறது. அந்த அத்திமரம் மறு ஆண்டு காய்த்ததா என்று லூக்கா சொல்லவில்லை. தோட்டக்காரர் வேண்டிக்கொள்ளும் இடத்தில் உவமை நிற்கிறது. நாமும் அங்கேதான் நிற்கிறோம்.